கடலுக்கடியில் தளம் போட்ட கதை

லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது எதிர்ப்படுகிற சங்கத்து அன்பர்கள் சில மாதங்களாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "என்ன சார், ரிட்டயர் ஆகி ஐந்து வருஷமாகிறது, இன்னும் கையில் கிராஃப் தாளும் ஸ்கேலுமாக அலைகிறீர்களே, எங்காவது கன்ஸல்டன்ட் வேலை கிடைத்ததா?" கிடைத்தது. சம்பளம் மட்டும் கிடையாது. என்னை வேலைக்கு அமர்த்தியவர் ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேரன். வேலை நடந்த இடம் கடலுக்கடியில். அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறையும் அதன் விளைவையும் எழுதிவிட்டால் இனி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டாமல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டரில் பேரன் விளையாடுகிற விளையாட்டுக்குச் சப்நாட்டிகா என்று பெயர். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த அன்னோன் வேர்ல்ட்ஸ் என்ற நிறுவனம் 2014 டிசம்பரில் அரைகுறையாக வெளியிட்டு, விளையாடுகிறவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2018 ஜனவரியில் முழுமையாக வெளியிட்டது. அரோரா என்ற விண்கப்பல், கிட்டத்தட்ட முழுவதும் கடலாக இருக்கிற ஒரு கிரகத்தில் விழுந்து நொறுங்குகிறது. உயிர் பிழைத்தவன் ஒரு சின்ன மிதவைப் பெட்டியில் தனியாக மிதக்கிறான். கடலடியில் டைட்டானியம், செம்பு, குவார்ட்ஸ், ஈயம் என்று பொறுக்கி எடுத்து, அவற்றைக் கொண்டு அறை அறையாகத் தளம் கட்டி, மின்சாரம் உண்டாக்கி, தோட்டம் போட்டு, மீன் வளர்த்துக் குடித்தனம் செய்ய வேண்டும். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு அல்ல என்பதைப் பெற்றோர்களின் கவனத்துக்குச் சொல்லி வைக்கிறேன்.

ஆரம்பத்தில் நான் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பதோடு சரி. ஒரு நாள், "ஐயோ, தண்ணி வருது!" என்று பேரன் அலறினான். எழுந்து போய்ப் பார்த்தால், அவன் கட்டிய தளத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நாற்பது வருஷம் பாலம் பிரிவில் இருந்தவனுக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது என்ற வார்த்தை காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா?

விளையாட்டில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தளத்தின் உறுதிக்கு முதலில் பத்து மதிப்பெண் தருகிறார்கள். நாம் சேர்க்கிற ஒவ்வொரு பகுதியும் அதிலிருந்து கழிகிறது. சாதாரண நடைபாதைக்கு 1, கண்ணாடி நடைபாதைக்கு 2, பெரிய அறைக்கு 1.25, கதவுக்கு 1, சுற்றிலும் கண்ணாடி போட்ட பார்வை மண்டபத்துக்கு 3. கழித்துக்கொண்டே வந்து பூஜ்யத்துக்குக் கீழே போனால் சுவர் கசிய ஆரம்பிக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளை நான்கு கண்ணாடி நடைபாதை, ஓர் அறை, ஒரு பார்வை மண்டபம், ஒரு கதவு என்று கட்டியிருந்தான். மொத்தம் 13.25. கையில் இருந்ததோ 10. அஸ்திவார மேடை ஒன்றுக்கு 2 கூடும் என்று தெரிந்ததும் இரண்டு மேடை போடச் சொல்லி, மண்டபத்தைப் பிரிக்கச் சொன்னேன். கசிவு நின்றது. அன்றிலிருந்து நான் அவனுக்கு இன்ஜினியர்.

கணக்கு பொம்மைக் கணக்குதான். ஆனால் உள்ளே இருக்கிற விஷயம் பொம்மையல்ல. கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடுகிறது. 100 மீட்டரில் ஒரு சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் ஜன்னல் வைத்தால் அதன் மேல் சுமார் 100 டன் பாரம் இருக்கும். நம் ரயில்வேயில் பல காலம் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினின் எடை ஏறக்குறைய 112 டன். "ஜன்னல் கண்ணாடி மேல் ஓர் எஞ்சினைத் தூக்கி வைத்தால் என்ன ஆகும், அதுதான் 100 மீட்டர்" என்று சொன்னேன். 500 மீட்டர் என்றால் ஐந்நூறு டன். விளையாட்டிலும் ஆழம் போகப் போக அதே அறைக்குக் கழிகிற எண் கூடுகிறது. அதைச் செய்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. தளத்தின் தரையில் குளம் மாதிரி ஒரு திறப்பு வைத்து, அதன் வழியாகச் சிறு நீர்மூழ்கியை உள்ளே ஏற்றலாம். மூன்பூல் என்று பெயர். தரையில் ஓட்டை இருந்தும் தண்ணீர் மேலே ஏறவில்லை என்றால், உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தம் வெளியே இருக்கிற நீரின் அழுத்தத்துக்குச் சமம் என்று அர்த்தம். சமமாக இருந்தால் சுவர் எதற்குக் கசிய வேண்டும்? சுவரை நீர் நசுக்குகிறது என்றால் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். "தாத்தா, இது கேம்" என்றான் பேரன். இருக்கட்டும்.

நிஜத்தில் மனிதர்கள் கடலடியில் தங்கிய வீடுகள் பெரும்பாலும் முதல் வகை. பிரெஞ்சுக்காரரான கூஸ்தோ 1962இல் மார்செய் அருகே 10 மீட்டர் ஆழத்தில் இருவரை ஒரு வாரம் தங்க வைத்தார். 1963இல் சூடானை அடுத்த செங்கடலில் ஒரு சிறு குடியிருப்பே அமைத்தார். அமெரிக்காவில் ஃபுளோரிடா அருகே அக்வேரியஸ் என்ற ஆராய்ச்சி வீடு இன்றும் இருக்கிறது. அங்கே தங்குகிறவர்கள் குளத்தில் இறங்குகிற மாதிரித் தரைத் திறப்பு வழியாகவே கடலுக்குள் போய் வருகிறார்கள். அதற்கு விலையும் உண்டு. அழுத்தக் காற்றை நாள்கணக்கில் சுவாசித்த உடம்பை உடனே மேலே கொண்டுவர முடியாது. வாயு இரத்தத்தில் குமிழியாகிவிடும். அக்வேரியஸிலிருந்து வெளியே வருவதற்கு முன் சுமார் 17 மணி நேரம் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஸீலாப்-3 சுமார் 186 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டபோது வீடு கசிந்தது. அதைச் சரி செய்ய 1969 பிப்ரவரியில் இறங்கிய ஒருவர் உயிரிழந்தார். அதோடு அந்தத் திட்டமே நின்றது.

இதையெல்லாம் நான் புத்தகத்தில்தான் படித்தேன். ஆனால் உள்ளே வெளியே என்ற நீர்மட்டக் கணக்கை ஆற்றில் கற்றவன் நான். வேலையில் சேர்ந்த புதிது. ஓர் ஆற்றுப் பாலத்துக்குக் கிணறு இறக்கிக்கொண்டிருந்தோம். பாலத் தூணுக்கு அஸ்திவாரமாக வட்டக் கிணறு கட்டி, அடியில் மணலை அள்ள அள்ள அது தன் பாரத்திலேயே இறங்கும். உள்ளே தண்ணீர் நிற்கும். அது நிற்கத்தான் வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் பம்பு வைத்து உள்நீரை அளவுக்கு மீறி இறைத்துவிட்டார்கள். வெளியே ஆற்று மட்டம் உயரம், உள்ளே பள்ளம். அடியிலிருந்து மணல் கொதிக்கிற கஞ்சி மாதிரிப் பொங்கி ஏறியது. பத்து நிமிஷத்தில் கிணறு ஒரு பக்கம் சாய்ந்தது. சாப்பாட்டு நேரம், கலாசிகள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். அந்தச் சாப்பாட்டு மணிக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். நம் ஹவ்ரா பாலத்தின் கல்கத்தாப் பக்க அஸ்திவாரத்தை இறக்கும்போதும் இதே ஓடுமணலை அடக்கத்தான் அழுத்தக் காற்றைச் செலுத்தினார்கள். பாலம் 1943இல் திறக்கப்பட்டது. தினமும் அதன் மேல் போகிறவர்களுக்கு அடியில் நடந்தது தெரியாது.

சரி, வரைபடத்துக்கு வருகிறேன்.

இந்த விளையாட்டில் வரைபடமே கிடையாது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். திசைகாட்டி உண்டு, ஆழம் காட்டும் எண் உண்டு. பீக்கன் என்ற விளக்கை எங்காவது வைத்தால், அது நம்மிடமிருந்து எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று திரையில் தெரியும். மிதவைப் பெட்டியும் அப்படியே தன் தூரத்தைக் காட்டும். அவ்வளவுதான். திசையும் தூரமும் இருந்தால் போதாதா? டிப்ளமா படிக்கும்போது சங்கிலியும் காம்பஸும் வைத்து ஊர் ஊராக அளந்தவன் நான். கிராஃப் தாளில் நடுவே மிதவைப் பெட்டியைப் புள்ளி வைத்தேன். பேரன் நீந்திப் போய்த் திசையையும் தூரத்தையும் சொல்வான், நான் குறிப்பேன். பவளத் திட்டு, சிவப்புப் புல்வெளி, வெந்நீர் ஊற்று, ஈயம் கிடைக்கிற இடம் என்று வண்ணப் பென்சிலில் ஒரு கடலே உருவானது. அதைப் பார்த்துத்தான் தளத்தை எங்கே வைப்பது என்று தீர்மானித்தோம். சூரியத் தகடுக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே ஆழம் கூடாது. பின்னால் வெந்நீர் ஊற்றிலிருந்து மின்சாரம் எடுக்க வசதி வேண்டும். கரண்ட் நின்றால் தளத்தில் பிராணவாயுவும் நின்றுவிடும் என்பதால் இரண்டு வழி வேண்டும். ஒரு ஸ்டேஷன் யார்டுக்கு இடம் பார்ப்பது போலவே பார்த்தோம். இரண்டு மாதம் வெகு ஆனந்தமாகப் போயிற்று.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேரன் விளையாடியது ஹார்ட்கோர் என்ற முறையில். அதில் உயிர் ஒன்றுதான். இறந்தால் கட்டியது, சேர்த்தது எல்லாம் அழிந்துவிடும். மூச்சு குறைகிறது என்று எச்சரிக்கிற குரல் கூடக் கிடையாது. பள்ளியில் யாரோ சவால் விட்டார்களாம்.

கதையில் நமக்கு முன்பே அந்தக் கடலில் விழுந்த மூன்று பேர் உண்டு. ஒரு தகப்பன், அவருடைய மகன், கூலிக்கு வந்த ஒரு வீராங்கனை. முதலில் தீவில் வீடு கட்டினார்கள். பிறகு 250 மீட்டர் ஆழத்தில் ஒரு குகைக்குள். அப்புறம் 500 மீட்டரில். மூன்றும் இன்று பாழடைந்து கிடக்கின்றன. பாழடைந்த ரயில்வே குவார்ட்டர்ஸைப் பார்த்தால் வருகிற துக்கம் எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோதும் வந்தது. அந்தக் குகை வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்பது பேரனின் ஆசை. அவனுடைய சிறு நீர்மூழ்கி 200 மீட்டர் வரைதான் தாங்கும். அதைக் குகை வாசலில் நிறுத்திவிட்டு, முதுகில் 135 விநாடிக் காற்றோடு உள்ளே நீந்தினான். அந்தப் பாழ் வீட்டில் காற்று இல்லை. திரும்பும் வழியில் காளான் போன்ற ஒன்றுக்குள்ளிருந்து பாம்பு மாதிரி ஒரு பிராணி வந்து மறித்தது.

"தாத்தா, ரெண்டாவது வழி எங்கே?"

என் வரைபடத்தில் அது இருந்தது. குகையின் கூரையில் ஒரு துவாரம், சில நாள் முன்பு மேலேயிருந்து பார்த்துக் குறித்தது. மிதவைப் பெட்டியிலிருந்து 340 மீட்டர். அவன் நின்ற இடம் அதே திசையில் 400 மீட்டர். "வந்த திசையிலேயே அறுபது மீட்டர் பின்னால் போ, மேலே துவாரம் இருக்கும்" என்றேன், நல்ல உறுதியான குரலில். போனான். பாறை. இடப் பக்கம் பார்த்தான், பாறை. வலப் பக்கம் பார்த்தான், பாறை. திரை இருண்டது. பிறகு ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டு மாதம் அழிந்தது.

பேரன் அழவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பான், அதையும் பெங்காலியில். என் மனைவி, "என்னங்க, விளையாட்டுதானே, அதுக்கு நீங்க ஏன் சாப்பிடாம உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள். விளையாட்டுதான். ஆனால் என் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை நம்பி ஒருவன் போனான். சர்வீஸில் இருந்தபோது என் வரைபடத்தை நம்பி எத்தனை பேர் ஆற்றில் இறங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள் இரவு இரண்டு மணிக்குத் தவறு பிடிபட்டது. பிடிபட்டதும் வெட்கமாக இருந்தது. பீக்கன் காட்டுவது நேர்த் தூரம். கண்ணிலிருந்து பொருளுக்குச் சாய்வாக இழுத்த கயிற்றின் நீளம். தாளில் குறிக்க வேண்டியதோ கிடைமட்டத் தூரம். சங்கிலி அளவையில் முதல் வருஷம் முதல் மாதம் சொல்லிக் கொடுப்பது இது. சரிவுத் திருத்தம் என்று பெயர். மேட்டில் சங்கிலி போட்டால் திருத்தாமல் தாளில் ஏற்றக் கூடாது. முப்பது மீட்டர் ஆழத்தில் இருந்தவரை எனக்கு இது தெரியாமலே போயிற்று. 300 மீட்டர் தூரத்தில் 30 மீட்டர் ஆழம் என்றால் வித்தியாசம் ஒன்றரை மீட்டர் கூட இல்லை. பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மறைந்துவிடும். அவன் நின்ற இடமோ 240 மீட்டர் ஆழம். சாய்வு 400, ஆழம் 240 என்றால் கிடைமட்டம் 320தான். துவாரத்தின் ஆழம் 120. அதன் சாய்வு 340, கிடைமட்டம் 318. ஆக, அவன் வழி கேட்டபோது துவாரம் அநேகமாக அவன் தலைக்கு நேர் மேலே இருந்தது. நான்தான் அவனை அறுபது மீட்டர் தள்ளிக்கொண்டு போய்ப் பாறையில் முட்ட வைத்தேன்.

இதை எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை, "டேய், மெட்ரோவில் ஹவ்ரா வரை போய் வரலாம், வருகிறாயா?" என்று கேட்டேன். எதுவும் சொல்லாமல் செருப்பு மாட்டிக்கொண்டான். எஸ்ப்ளனேடிலிருந்து ஹவ்ரா மைதான் போகிற அந்த வண்டி 2024 மார்ச்சில் ஓட ஆரம்பித்தது. ஹூக்ளியின் அடியில் 520 மீட்டர் தூரம், ஆற்றுப் படுகைக்கும் 13 மீட்டர் கீழே. முக்கால் நிமிஷத்தில் கடந்துவிடும். இந்தத் தடத்தில் ஆற்றைத் தாண்டிய பகுதி 2017இல் சங்கடமில்லாமல் முடிந்தது. நிலத்தடியில் பௌபஜார் அருகே தோண்டியபோதுதான் 2019இல் நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் புகுந்து மேலே வீடுகள் இடிந்தன. தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் இல்லை.

சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் வந்ததும் பேரன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டான். "தாத்தா, இங்கே மேலே எவ்வளவு தண்ணி?" நான்கு நாளைக்குப் பிறகு வந்த முதல் கேள்வி. பதில் சொன்னேன். பிறகு, "அன்றைக்குத் தப்பு என் மேல்தான்டா" என்றேன். "தெரியும்" என்றான்.

வீட்டுக்கு வந்து அவனுக்கு நூலும் மூன்று ஆணியும் கொடுத்தேன். கொத்தனார் சுவருக்கு மூலை பிடிக்கும்போது மூன்றடி, நான்கடி, குறுக்கே ஐந்தடி என்று நூல் பிடிப்பாரே, அதே முக்கோணம்தான். 240, 320, 400 என்பதை எண்பதால் வகுத்தால் மூன்று, நான்கு, ஐந்து. பள்ளியில் பித்தாகரஸை மனப்பாடம் செய்திருக்கிறான். அது கடலுக்குள் ஆளைக் கொல்லும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை முறையாக ஃபீல்டு புக் போட்டோம். திசை, சாய்வு, ஆழம், கிடைமட்டம் என்று நான்கு பத்தி. டீசல் எஞ்சின் சத்தத்தில் பாதி கேட்காமல் போன காது எனக்கு. 'ஃபோர்ட்டி' என்கிறானா 'ஃபோர்ட்டீன்' என்கிறானா என்று புரியாது. ஆகவே எண்ணைத் தமிழில் சொன்னால்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குத் தமிழில் இருபதுக்கு மேல் வராது. முதல் வாரம் ஒவ்வொரு எண்ணுக்கும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பாட்டியைக் கேட்டான்.

தளத்தின் அமைப்பும் மாறியது. முன்பு அழகு பார்த்துக் கட்டினோம். இப்போது எங்கே கசிந்தால் எந்தக் கதவை மூடுவது என்பதிலிருந்து ஆரம்பித்தோம். நடைபாதை சந்திக்கிற இடங்களில் தடுப்புக் கதவு. ஒரு பகுதியில் நீர் புகுந்தாலும் அடுத்த பகுதிக்குப் போகாது, தளத்தின் உறுதிக்கும் 3 கூடும். லிதியம் கிடைத்த பிறகு சுவருக்கு வலுவூட்டும் தகடு, அதற்கு 7. கண்ணாடி வேண்டாம் என்று முடிவாயிற்று. வரைபடத்தைப் பார்க்க வந்த என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "ஜன்னல் இல்லாத வீட்டில் யார் இருப்பார்கள்? மீன் பார்க்கவாவது ஒன்று வையுங்கள்" என்றாள். ஜன்னலுக்கு 1 கழியும். பேரன் என் முகத்தைப் பார்த்தான். கணக்கில் மிச்சம் இருந்தது. கிழக்குப் பக்கம் ஒன்று வைத்தோம். பாட்டி ஜன்னல் என்று வரைபடத்திலும் எழுதியிருக்கிறது.

ஜூன் மாதம் என் மகனுக்கு ஹைதராபாத்துக்கு மாற்றலாயிற்று. பேரன் கம்ப்யூட்டரைக் கொண்டுபோனான், வரைபடத்தை என்னிடமே விட்டுவிட்டான். இரண்டாவது தளம் 220 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. இனி அந்த மூவரின் கடைசி வீட்டுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு ஃபோன் வரும். ஸ்பீக்கரில் போட்டு, தாளை விரித்து உட்காருவேன்.

போன சனிக்கிழமை இரண்டாவது தளத்தின் பீக்கனிலிருந்து ஒரு புள்ளி சொன்னான். சாய்வு நானூற்று ஐம்பது, ஆழம் நானூற்றுத் தொண்ணூறு. நான் கண்ணாடியைத் தேடி, நானூற்றுத் தொண்ணூறிலிருந்து இருநூற்று இருபதைக் கழிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கழிச்சாச்சு தாத்தா. இருநூற்று எழுபது. கிடைமட்டம் முந்நூற்று அறுபது. எழுதிக்கோங்க."